தனுஷ்கோடி கற்பித்த பாடம்
(பத்தாம் வகுப்பு மாணவி)

‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. இதனைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் இது புவியியல் பாடமும் ஆகும் என்பதைத் தனுஷ்கோடிக்குச் சென்ற கல்விச் சுற்றுலாவில்தான் அறிந்தோம். அங்கே கண்டவற்றையும் கற்றவற்றையும் தொகுத்துத் தருகிறோம்.

அமைவிடம்

பாம்பன் தீவின் தென்கிழக்கே, கடலுக்குள் நீட்டிய நாக்கைப் போல் கிடக்கிறது தனுஷ்கோடி. எங்கும் மணல். வடபுறம் வங்கக் கடல். தென்புறம் மன்னார் வளைகுடா. இரண்டும் கூடும் முனை அரிச்சல்முனை. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுதான். இடையே கடலில் தலைகாட்டும் மணல் திட்டுகளை மீனவர்கள் ‘தீடை’ என்கின்றனர். முனைவரை தார்ச்சாலை வந்தது 2017-இல்தான்.

அழிந்த ஊர்

முன்பு இங்கே இரயில் நிலையம், அஞ்சலகம், பள்ளி எல்லாம் இருந்தன. 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு புயல் ஊரையே விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்த இரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் கடலில் மூழ்கியது. பவளப் பாறைக் கற்களால் கட்டிய தேவாலயம் கூரையின்றி நிற்கிறது. அங்கே சிறிது நேரம் மௌனமாக நின்று, இறந்தோருக்காகச் செபித்தோம்.

மணலுக்குள் நன்னீர்

சுற்றிலும் உப்புநீர். ஆயினும் மணலைத் தோண்டினால் குடிநீர் ஊறுகிறது! மழைநீர் மணலில் இறங்கித் தங்குகிறது. அது உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆதலால் உப்புநீரின்மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும். குடிசைகளில் வாழும் மீனவப் பெண்கள் சிறிய ஊற்றுகளில் நீரைச் சிறிது சிறிதாக முகந்து எடுப்பதன் காரணம் எங்களுக்கு விளங்கியது.

ஏன் நீராடக் கூடாது?

அலை குறைந்த வடகடலைப் ‘பெண் கடல்’ என்றும், தென்கடலை ‘ஆண் கடல்’ என்றும் மக்கள் அழைக்கின்றனர். பெயரை நம்பி இறங்க வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் பெண் கடலும் சீறும். முனையில் இருபுற நீரோட்டங்களும் மோதுகின்றன. மணலும் ஓரிடத்தில் நிலைத்திராது. முழங்கால் ஆழம் சட்டென்று பெரும் பள்ளமாகிவிடும்.

எங்களுள் சிலர் அலையில்லாத ஓரிடத்தைக் காட்டி, “அங்கே மட்டும் கால் நனைக்கலாமா?” என்று அருட்சகோதரியிடம் கேட்டோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அதைக் கேட்டு, “அலை சாயாத எடந்தான் பொல்லாதது, தாயி. அதுதான் இழுக்கும்” என்றார்.

அவர் கூறியது அறிவியல் உண்மை என்று ஆசிரியை விளக்கினார். அலைகள் கரையில் கொண்டு சேர்க்கும் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்ப வேண்டும். நீருக்கடியில் உள்ள மணல் மேட்டில் இடைவெளி இருந்தால், அதன் வழியே அது ஆறுபோல் விரைந்து ஓடும். அவ்விடம் ஆழமானது. ஆதலால் அங்கே அலை உடைவது குறைவு. நீர் கருத்துத் தெரியும். நுரையும் பாசியும் கடலை நோக்கி நகரும். இவ்வோட்டத்தின் வேகம் சில வேளைகளில் வினாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். சிறந்த நீச்சல் வீரரும் எதிர்த்து நீந்த இயலாது.

சிக்கினால் செய்ய வேண்டியவை

1. அஞ்ச வேண்டாம். இவ்வோட்டம் ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை, வெளியேதான் இழுக்கிறது. அலை உடையும் இடத்தைத் தாண்டினால் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

2. கரையை நோக்கிப் போராட வேண்டாம். களைப்பே உயிரைக் கொல்கிறது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

3. நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தைவிட்டு விலகியபின் கரை திரும்பலாம்.

4. கரையில் இருப்பவர் பின்னால் குதிக்கக் கூடாது. கயிறு, காலி டப்பா போன்ற மிதக்கும் பொருளை வீசி, மீனவரை அழைக்க வேண்டும். 112 எண்ணுக்குத் தகவல் தர வேண்டும்.

1966-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்த மிகிர் சென்னுக்குக் கடற்படைக் கப்பல்கள் துணை வந்தன. 2004-இல் புலா சௌத்ரி என்னும் வீராங்கனையும் இக்கடலைக் கடந்தார். இத்தகையோர் பல்லாண்டு பயிற்சி பெற்றவர்கள். சுற்றுலா சென்ற எங்கள் நாற்பத்திரண்டு பேரில் நீந்தத் தெரிந்தவர் ஆறு பேர்தான். அவர்களும் கிணற்றில் கற்றவர்கள். கிணற்றில் ஓட்டம் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் சுவர் உண்டு. மேலும் நனைந்த பாவாடையும் தாவணியும் காலைச் சுற்றிக்கொள்ளும்.

பெற்றோரே! பெண் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுக்கொடுங்கள். அன்புத் தோழியரே! வேளாங்கண்ணிக்கோ வேறு கடற்கரைக்கோ குடும்பத்துடன் செல்லும்போது, முதலில் பத்து நிமிடம் கரையில் நின்று அலையைக் கவனியுங்கள். அவ்வூர் மீனவரிடம் கேளுங்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதற்குக் கீழ்ப்படியுங்கள். கால் நனையாமல் திரும்பினாலும் குறையொன்றும் இல்லை. நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் அப்படித்தான் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்.