சுங்கை பட்டாணியை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

பினாங்கில் இருந்துகொண்டு ஒரு நாளில் போய்வர எந்த ஊர் நல்லது என்று கேட்டால், சுங்கை பட்டாணியை யாரும் முதலில் சொல்வதில்லை. "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்பதுதான் வழக்கமான பதில். ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறிவிட்டது. கெடாவின் ஆகப் பெரிய நகரமாக இருந்தும் சுங்கை பட்டாணி வீடமைப்புப் பகுதிகளும் பேரங்காடிகளும் நிறைந்த ஊர் என்றே பெயரெடுத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களோ கடாரம் என்ற பெயரைத் தேடிக்கொண்டு, ஊருக்குள் காலே வைக்காமல் நேராக மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய்விடுகிறார்கள். இப்படிப் போகிறவர்கள் இழப்பது சிறிதல்ல. சுங்கை பட்டாணியின் பழைய நகர மையம் ரப்பர் தோட்டங்களால் வளர்ந்தது. ஜார்ஜ் டவுனோடு ஒப்பிட்டு அழகு தேடினால் அது நிச்சயம் ஏமாற்றும். தோட்டத்து ஜனங்கள் எந்த வழியாக அந்த ஊருக்கு வந்தார்களோ அந்த வழியிலேயே, அதாவது கடல், ரயில், மணிக்கூண்டு, கடைவரிசை, கோயில், கடைசியாகத் தோட்டம் என்ற வரிசையில் பார்த்தால் ஊர் புரியும். அதற்கு ஒரு நாள் போதும்.

முதலில் நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; பினாங்கில் சனியும் ஞாயிறும். இதைக் கவனிக்காமல் வெள்ளிக்கிழமை கிளம்பினால் அலுவலகங்கள் மூடியிருக்கும், நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் பலவும் அடைத்திருக்கும். பினாங்குக்காரர்களுக்கு ஞாயிறுதான் பொருத்தமான நாள். அவர்களுக்கு அது விடுமுறை, சுங்கை பட்டாணிக்கு வேலை நாள். வேலை செய்கிற ஊரைப் பார்ப்பதற்கும் உறங்குகிற ஊரைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. காலை 7 மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுங்கள். 11 மணிக்கு மேல் வெயில் நடக்க விடாது, மாலையில் மழை பிடித்துக்கொள்ளலாம். ஒரு குடை இரண்டுக்கும் ஆகும்.

அடுத்தது பயணம். ஜார்ஜ் டவுன் துறையில் பெர்ரி ஏறி பட்டர்வொர்த்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே இருக்கும் ரயில் நிலையத்தில் பாடாங் பெசார் போகும் கொமுட்டர் ரயிலைப் பிடியுங்கள். புக்கிட் மெர்தாஜாம், தாசேக் குளுகோர் தாண்டினால் சுங்கை பட்டாணி. நேர அட்டவணையை முந்தின நாளே பார்த்து, திரும்பும் ரயிலையும் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டி வரும். சொந்தக் கார் இருக்கும்போது, அதுவும் நெடுஞ்சாலை நேராகக் கொண்டுபோய் விடும்போது, ரயில் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நெடுஞ்சாலை வழியாக வருகிறவர் ஊரின் பின்பக்கமாக, புதிய குடியிருப்புகளுக்கு நடுவே நுழைகிறார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறியவர்கள் பினாங்கில்தான் இறங்கினார்கள். ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தடுத்துவைக்கப்பட்டு, பிறகு கடலைக் கடந்து, அந்நாளில் பிறையில் இருந்த ரயில் முனையத்துக்கு வந்தார்கள். இருப்புப்பாதை 1915இல் அலோர் ஸ்டார் வரையும் 1918இல் பாடாங் பெசார் வரையும் நீண்டது. கங்காணியின் பின்னால் மூட்டை முடிச்சோடு வந்த குடும்பங்கள் கெடாவை முதலில் பார்த்தது இந்தப் பாதையில்தான். 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்யும்வரை அந்த வரவு முற்றாக நிற்கவில்லை. அதே கடலையும் அதே இருப்புப்பாதையையும் கடந்து வருவது சில வெள்ளிச் செலவில் கிடைக்கிற பாடம்.

சுங்கை பட்டாணியில் இறங்கியதும் உடனே வெளியே ஓடாமல் நடைமேடையில் கொஞ்சம் நில்லுங்கள். இரட்டைப் பாதையும் மின்சார ரயிலும் வந்து பத்தாண்டுகளே ஆகின்றன, கட்டடமும் புதியது. ஆனால் திசைகள் பழையவை. தெற்கே பினாங்குத் துறைமுகம். இந்த வட்டாரத்து ரப்பர் அந்தப் பக்கம் போனது. வடக்கே சயாம். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடுவதற்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்த வடக்குத் திசையில்தான் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் பலர். நடைமேடையில் நிற்கிற ஒருவருக்கு இந்த இரண்டு திசைகளும் தெரிந்திருந்தால், பிறகு ஊருக்குள் பார்க்கிற ஒவ்வொன்றும் தன் இடத்தில் வந்து உட்காரும்.

நிலையத்திலிருந்து மணிக்கூண்டு நடக்கிற தூரம்தான். ஜாலான் இப்ராஹிமில், வாகனங்கள் இரு பக்கமும் ஓட, உச்சியில் சிறு குவிமாடத்தோடு நிற்கிறது. 1936இல் கட்டியது. பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அரியணை ஏறியதன் வெள்ளிவிழாவின் நினைவாக லிம் லீன் தெங் என்ற சீன ரப்பர் முதலாளி ஊருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். பினாங்கின் நார்தாம் சாலையில் வுட்வில் என்ற மாளிகையைக் கட்டியவரும் இவரே. இந்த இரண்டு கட்டடங்களையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். பணம் கெடாவின் மண்ணில் முளைத்தது. அது கட்டிய மாளிகை பினாங்குக் கடற்கரைக்குப் போனது, சுங்கை பட்டாணிக்கு ஒரு கடிகாரம் வந்தது. பெருநகரத்துக்கும் அதன் பக்கத்துச் சிற்றூருக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. இதில் நன்கொடையாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தக் காலத்துச் செல்வம் ஓடிய தடம் அது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டத்து நாள் இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கவில்லை. விடியுமுன் இருட்டில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுப்பார்கள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். ரயிலும் அலுவலகமும் கடையும் கூண்டு மணியின்படி ஓடின. பால்மரத்துக்கு அந்த மணி தெரியாது. இந்த இரண்டு நேரக் கணக்குகளும் சந்தித்துக்கொண்ட இடம் இந்த நகர மையம்.

மணிக்கூண்டிலிருந்து கடைவரிசைகளுக்குள் நடக்கலாம். "பழைய கட்டடமெல்லாம் மாற்றிவிட்டார்களே, பார்க்க என்ன மிச்சம்?" என்பவர்கள் தரைத்தளத்தை மட்டும் பார்க்கிறார்கள். கீழே கண்ணாடிக் கதவும் கைப்பேசி விளம்பரமும் இருக்கும். அண்ணாந்து பாருங்கள். மேல்மாடியில் மரச்சட்டம் போட்ட சன்னல்கள், முகப்பின் உச்சியில் சுண்ணாம்புப் பூவேலை, சில இடங்களில் கட்டிய ஆண்டு. முகப்பு ஒடுங்கி, உள்ளே நீளமாகப் போகும் கட்டட அமைப்பு. முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க அஞ்சடி என்கிற கூரையிட்ட நடைபாதை. தெருப்பெயர்களும் சான்றுதான். ஜாலான் பெங்காலான் என்றால் துறைச் சாலை. ஊருக்குப் பெயர் கொடுத்த சுங்கை பட்டாணி ஆறு மெர்போக் ஆற்றில் கலந்து கடலுக்குப் போகிறது. தண்டவாளத்துக்கு முன்னால் போக்குவரத்து அந்த ஆற்றில் நடந்தது. தெருவின் பெயர் அதை இன்னும் வைத்திருக்கிறது. தொழில்களையும் பாருங்கள்: நகைக்கடை, துணிக்கடை, மளிகைக்கடை, பூக்கட்டுகிறவர்கள். சம்பள நாளில் தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர்களை நம்பித்தான் இப்படிப்பட்ட கடைகள் தலையெடுத்தன. தாலிக்குத் தங்கமும், தீபாவளிக்குச் சட்டையும், கடனில் அரிசியும் இங்கே வாங்கினார்கள். பசியாறவும் இதுதான் இடம். தோசையோ ரொட்டி சானாயோ சாப்பிட்டு ஒரு தே தாரேக் குடியுங்கள். பக்கத்து மேசையில் வயதானவர் இருந்தால் மரியாதையாக, "ஐயா, நீங்க முன்னே எந்தத் தோட்டம்?" என்று கேட்கலாம். பெயரைக் கேட்பதற்கு முன் தோட்டத்தைக் கேட்பது இந்த வட்டாரத்தில் தவறில்லை. பதிலாக ஹார்வர்டு, ஸ்கார்பரோ, பட்டாணி பாரா என்று ஏதாவதொரு பெயர் வரலாம். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிற்பகலுக்கு அது வேண்டும்.

வெயில் ஏறுமுன் சுப்பிரமணியர் தேவஸ்தானத்துக்குப் போய்விடுங்கள். தைப்பூசத்தில் சுற்றுவட்டாரமே திரளும் கோயில் இது. திருவிழா நாளில் வந்தால் கோயிலைப் பார்க்கலாம், ஊரைப் பார்க்க முடியாது. இரண்டுக்கும் தனித்தனியாக வருவதே சரி.

பிற்பகலுக்கு வண்டி தேவைப்படும். கிராப் பிடியுங்கள், அல்லது ஓட்டுநரிடம் அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். வடக்கே பீடோங் சாலையில் போனால் இரு பக்கமும் பெரும்பாலும் செம்பனைதான் தெரியும். பால்மரங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியதும் துண்டு துண்டாக வாங்கி விற்கும் வியாபாரம் பெருகியது. தோட்டத் துண்டாடல் என்று நம்மவர்கள் கசப்போடு சொன்னது அதைத்தான். வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. அதற்கு மறுமொழியாக, மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். சங்கம் முதலில் வாங்கியது இதே கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை. போராட்டமும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. போர் முடிந்த கையோடு ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளுக்கு எதிராக அது மறியல் செய்தது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாரோடு நடந்த மோதல்களில் தொழிலாளர்களின் உயிர் போனது. இன்று அதே ஹார்வர்டு பெயரில் கோல்ப் மைதானம் இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளும் பழைய தோட்டங்களின் பெயரை விடாமல் சுமக்கின்றன. ஹார்வர்டு தோட்டம் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று பெயர்ப்பலகையிலேயே பழைய தோட்டத்தின் வரைபடம் எழுதியிருக்கிறது. காலையில் எழுதி வைத்த பெயரை இங்கே தேடுங்கள்.

இப்படித் தோட்டங்களைப் போய்ப் பார்ப்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கஷ்டப்பட்டவர்களின் வீட்டை வேடிக்கை பார்ப்பது முறையா? முறையல்ல. ஆகவே சில கட்டுப்பாடுகள் அவசியம். தோட்டம் தனியார் நிலம், நுழைவாயிலில் அனுமதி கேட்காமல் உள்ளே போகக் கூடாது. லயத்து வீடுகளில் ஆள் குடியிருந்தால் படம் எடுக்க வேண்டாம். பள்ளியைச் சாலையிலிருந்து பார்த்தால் போதும், பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். தோட்டத்துக் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கிருப்பவரிடம் பேசிய பிறகே கைப்பேசியை எடுங்கள். பாராமுகமாக விட்டுவிடுவதை மரியாதை என்று நினைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. யாரும் வந்து பார்க்காத இடத்தைக் காப்பாற்றச் சொல்லி யாரும் குரல் கொடுப்பதில்லை.

அதற்கான சான்று அன்றைய கடைசி நிறுத்தத்தில் இருக்கிறது. மெர்போக்கில் தொல்பொருள் அருங்காட்சியகமும் அதையொட்டி புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்கோயிலும் இருக்கின்றன. மாலையில் மூடிவிடுவார்கள், 3 மணிக்குள் போய்விடுங்கள். தொல்பொருள் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் 1930களில் அகழ்ந்த அந்தக் கோயிலை அலஸ்டர் லேம்ப் பின்னர் மீண்டும் அகழ்ந்து, கல்லோடு கல் சேர்த்து எழுப்பினார். படியேறிப் போய் மண்டபத் தூண்கள் நின்ற கல்தளங்களைப் பாருங்கள்; மரத்தூண்கள் மக்கிப்போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகியும் அவை நின்ற குழி கல்லில் இருக்கிறது. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த கடாரம் இந்த வட்டாரம். பட்டினப்பாலையில் வரும் காழகமும் இதுவே என்று உரைகாரர் கொண்டனர். இவ்வளவு புகழும் இங்குள்ள எல்லாச் சண்டிகளையும் காக்கவில்லை. சுங்கை பத்துத் தோட்ட நிலத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி, நிலத்தைச் சீர்படுத்தும் வேலையில் இடிக்கப்பட்டது 2013இல் வெளியே தெரிந்தது. அது முறைப்படி மரபுச் சின்னமாகப் பதிவு பெறாமல் தனியார் நிலத்தில் கிடந்தது. ஆயிரம் ஆண்டுக் கோயிலுக்கே அந்தக் கதி என்றால், நூறு ஆண்டுகூட நிரம்பாத மணிக்கூண்டுக்கும், அஞ்சடிக் கடைகளுக்கும், லயங்களுக்கும் என்ன பாதுகாப்பு? கடாரத்துப் பெருமையை நாடி வருகிற தமிழர்கள் நகர மையத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சண்டிக்கு ஓர் அருங்காட்சியகம் துணை நிற்கிறது. பால்மரம் வெட்டியவர்கள் புழங்கிய கடைத்தெருவுக்கு அதுவும் இல்லை.

மெர்போக்கிலிருந்து திரும்பும்போது ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே நிலையத்துக்குப் போகும்படி வண்டியைச் சொல்லி வையுங்கள். சாயங்காலம் பீடோங்கிலிருந்து வரும் சாலையில் வண்டிகள் நகராது. நேரம் மிச்சமிருந்தால் ஜாலான் இப்ராஹிம் பக்கம் இன்னொரு முறை நடந்து, காலையில் மூடியிருந்த கடைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.