மலை இறங்கும் மக்கள்

மக்கள்தொகை என்றாலே பெருக்கத்தைப் பற்றித்தான் நாம் பாடம் படிக்கிறோம். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மக்கள் குறைந்து வரும் ஊர்களும் உண்டு. அதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கோவை மாவட்டத்தில் மலைமேல் அமைந்த வால்பாறையே போதும். நம் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40.

2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 95,000. 2011-இல் அது ஏறத்தாழ 71,000. அதாவது, பத்தே ஆண்டுகளில் நால்வருக்கு ஒருவர் குறைந்துவிட்டனர். அதே காலத்தில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையோ 6.24 கோடியிலிருந்து 7.21 கோடியாக உயர்ந்தது.

ஓர் ஊரின் மக்கள்தொகை இரு வழிகளில் குறையும். இறப்பைவிடப் பிறப்பு குறைய வேண்டும்; அல்லது வருவோரைவிடப் போவோர் மிகுதியாக வேண்டும். இன்று குடும்பங்கள் சிறுத்துவிட்டன என்பது உண்மையே. ஆயினும் பத்தாண்டில் கால் பங்கு குறைய அது மட்டும் போதாது. வால்பாறை மக்கள் மலையை விட்டு இறங்கினார்கள் என்பதே விடை. அதன் காரணங்களைக் காண்போம்.

முதலாவது, ஊரே ஒரு தொழிலை நம்பி இருந்தது. அத்தொழில் தேயிலை. இந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கி வந்த சோவியத் ஒன்றியம் 1991-இல் சிதறியது. 1990-களின் இறுதியில் தேயிலை விலை சரிந்தது. தோட்டம் தளர்ந்தபோது ஊரும் தளர்ந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரமும் இவ்வாறே மோட்டார் கார் தொழிலை நம்பி வளர்ந்தது. 1950-இல் 18 லட்சத்துக்கும் மேலிருந்த அதன் மக்கள்தொகை, 2020-இல் 6.4 லட்சமாகச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது, கூலி. கொட்டும் மழையிலும் அட்டைக் கடியிலும் கொழுந்து பறிப்பதைவிட, திருப்பூர் பனியன் கம்பெனி வேலை மேலானது என்று இளைஞர்கள் எண்ணினர். யானை, சிறுத்தை பற்றிய அச்சமும் அவர்களைக் கீழே தள்ளியது.

மூன்றாவது, சொந்த வீடு இல்லாமை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மூன்று தலைமுறை வாழ்ந்த மலையில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர் ஓய்வு பெற்றபின் எங்ஙனம் தங்குவார்?

நான்காவது காரணத்தை எழுதும்போது எங்கள் கை சற்றுத் தயங்குகிறது. அது கல்வி. தம் பிள்ளைகள் கூடை சுமக்கக் கூடாது என்றே தாய்மார் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினர். படித்த பிள்ளைகளுக்கு மலையில் வேலை இல்லை. இன்று அங்கே அஸ்ஸாம், ஜார்க்கண்ட் மாநிலத்தவர் வந்து கொழுந்து பறிக்கின்றனர். வேலை இருக்கிறது, படித்தவருக்கேற்ற வேலைதான் இல்லை.

இப்போது நம் வாழவந்தி நாட்டைப் பார்ப்போம். வால்பாறைத் தொழிலாளிக்கு இல்லாத சொந்த நிலம் நம் வீடுகளில் பலருக்கு உண்டு. அது நம் பெரும்பேறு. ஆனால் சாமையும் தினையும் விளைந்த காடுகளில் இன்று மரவள்ளியே மிகுதி. அக்கிழங்கு லாரி ஏறி அடிவாரத்துச் சேகோ மில்லுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. கிழங்கோடு அந்த வேலையும் கூலியும் மலை இறங்கிவிடுகின்றன. அவற்றின் பின்னே நம் அண்ணன்மாரும் இறங்குகின்றனர்.

அன்புத் தோழியரே! மேற்படிப்புக்காக நாமும் ஒரு நாள் இந்த வளைவுகளில் இறங்கத்தான் போகிறோம். அது தவறன்று. செவிலியராகவோ ஆசிரியையாகவோ திரும்பி வர நமக்கு இங்கே ஓர் இடம் இருக்க வேண்டும். விளைபொருளை இங்கேயே பக்குவம் செய்யும் சிறு தொழில்களும் வேண்டும். பெற்றோரே, எங்களைப் படிக்க வைக்கும் நீங்கள் நிலத்தை மட்டும் விற்றுவிடாதீர்கள். திரும்பி வருபவருக்குக் கால் ஊன்ற ஒரு பிடி மண் வேண்டுமல்லவா?