ஹார்ட் டிஸ்க் போனால் உள்ளே இருந்ததும் போய்விடுமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. போன வாரம் ஆன் செய்தபோது உள்ளே ‘டக்… டக்…’ என்று சத்தம். திரையில் ஏதோ இரண்டு ஆங்கில வரி, அவ்வளவுதான். மூத்த மகளின் கல்யாணப் படங்கள், என் கணவர் தட்டச்சு செய்து வைத்திருந்த குடும்பக் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தெருமுனைக் கடைக்காரர், “ஹார்ட் டிஸ்க் போயிடுச்சும்மா, புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தர்றேன், பழசெல்லாம் அவ்வளவுதான்” என்கிறார். தம்பி மகன், டிஸ்க்கை ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்கிறான். அவன் சிநேகிதன் ஏதோ சாஃப்ட்வேர் போட்டு எடுத்துவிடலாம் என்கிறான். சென்னையில் இருக்கும் சம்பந்தியோ, இதற்கென்றே இடங்கள் இருக்கின்றன, அங்கே எடுத்துத் தருவார்கள் என்கிறார். ஒரே டிஸ்க்குக்கு எப்படி இத்தனை தீர்ப்பு? உண்மையில் உள்ளே என்னதான் ஆகிறது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நால்வர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது அம்மா, ஃப்ரிட்ஜ் உட்பட. அதனால்தான் குழப்பமே. விளக்கத்துக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள்: அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் பிளக்கில் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று யாரையும் தொட விடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கடைக்காரரை முதலில் எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரை மீட்பது ஒரு வேலை, கோப்புகளை மீட்பது முற்றிலும் வேறொரு வேலை. முதலாவது எளிது. புது டிஸ்க் மாட்டி, 8 ஜிபி பென் டிரைவிலிருந்து விண்டோஸை ஏற்றினால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். உங்களிடம் முறையான விண்டோஸ் 10 இருந்திருந்தால் புதிதாக உரிமம் வாங்கவும் வேண்டியிருக்காது. அந்த உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். டிஸ்க்கை மட்டும் மாற்றினால், இன்டர்நெட் கிடைத்ததும் தானே உயிர்பெறும். இந்த வேலையில் கடைக்காரர் சொல்வது சரி. “பழசெல்லாம் அவ்வளவுதான்” என்பதை மட்டும் “என்னால் எடுக்க முடியாது” என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கை அவரிடம் விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். டிஸ்க் பழுதானால் அதிலிருந்த தகவலும் அழிந்துவிட்டது என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலான சமயங்களில் அப்படி நடப்பதில்லை. பழுதாவது தகவலைப் படிக்கும் கருவி. தகவல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உங்கள் டிஸ்க்கின் உள்ளே காந்தப் பூச்சு பூசிய வழுவழுப்பான தட்டுகள் இருக்கின்றன. மேசைக் கம்ப்யூட்டர்களில் இவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். அதாவது விநாடிக்கு 120 சுற்று. தட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் மேல் ஒரு மெல்லிய கரத்தின் நுனியில் ஹெட் இருக்கிறது. காந்தப் பதிவைப் படிக்கவும் எழுதவும் செய்கிற துளியளவு உறுப்பு அது. தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடியே அது வேலை செய்கிறது. நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் அளவுக்கு வரும். சாதாரண டிஸ்க்கின் உள்ளே வெற்றிடம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது வடிகட்டிய காற்று. அந்தக் காற்று இல்லாவிட்டால் ஹெட்டால் மிதக்கவே முடியாது.

அந்த ‘டக் டக்’ என்ன? டிஸ்க்குக்கு மின்சாரம் வந்ததும் தட்டுகள் சுழல ஆரம்பிக்கும், ஹெட் தட்டின் மேல் போய் ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்று தேடும். தட்டு முழுக்கத் தொழிற்சாலையிலேயே இடக்குறிகளை எழுதி வைத்திருப்பார்கள். டிஸ்க் தன்னையே இயக்கிக்கொள்வதற்கான குறிப்புகளில் பெரும்பகுதியும் தட்டின் ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது. ஹெட் கெட்டுப்போயிருந்தால் இந்தக் குறிகள் அதன் கண்ணில் படா. கரம் கடைசிவரை போய் முட்டித் திரும்பும், மறுபடி தேடும், மறுபடி முட்டும். உங்களுக்குக் கேட்டது அந்த முட்டல்தான். அந்தச் சத்தத்தால் படங்கள் அழிவதில்லை. ஆனால் வளைந்தோ உடைந்தோ போன ஹெட் ஒவ்வொரு தேடலிலும் தட்டை உரச வாய்ப்பிருக்கிறது. உரசினால் காந்தப் பூச்சு தூளாகப் பறக்கும், அதிலிருந்த படங்களும் அதோடு போகும். அதை எந்த ஆய்வுக்கூடத்தாலும் திருப்பித் தர முடியாது. பிளக்கைப் பிடுங்கச் சொன்னது இதற்காகத்தான்.

தட்டு மட்டும் பிழைத்தால் எதுவரை மீட்கலாம் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது வானில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அதில் செனான் வாயுவின் பாகுத்தன்மையை அளக்கும் சோதனை ஒன்று இருந்தது. அதன் தகவலில் ஒரு பகுதி முன்பே பூமிக்கு வந்திருந்தது, மீதி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. சுமார் ஆறு மாதம் கழித்து டெக்சாஸில் வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் அந்த டிஸ்க் கிடைத்தபோது மேலோடு கருகியிருந்தது, மின்னணுப் பாகங்கள் எரிந்திருந்தன, உள்ளே மண் புகுந்திருந்தது. க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தின் வல்லுநர்கள் தட்டுகளைச் சுத்தம் செய்து வேறொரு டிஸ்க்கின் உடம்பில் பொருத்தி ஏறக்குறைய 99 சதவீதத்தைப் படித்துவிட்டார்கள். தட்டில் சேதமான பகுதி எதுவும் எழுதப்படாத பகுதியாக இருந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம். சோதனை முடிவுகள் 2008இல் ‘பிசிகல் ரிவ்யூ ஈ’ என்ற ஆய்விதழில் வெளியாயின. உங்கள் டிஸ்க் இவ்வளவு பாடுபடவில்லை.

அப்படியானால் ஃப்ரிட்ஜ்? தம்பி மகன் இதைத் தானாகக் கற்பனை செய்யவில்லை. பழைய டிஸ்க்குகளில், இயந்திரம் ஓயும்போது ஹெட் தட்டின் மேலேயே வந்து உட்காரும். இரண்டும் அதிவழுவழுப்பானவை என்பதால் சில சமயம் ஒட்டிக்கொள்ளும். குளிரில் உலோகம் சுருங்கும்போது அந்தப் பிடி தளர்ந்து, டிஸ்க் சில நிமிடம் ஓடியதுண்டு. இப்போதைய டிஸ்க்குகளில் ஹெட் தட்டுக்கு வெளியே சிறு சரிவில் ஏறி ஓய்வெடுக்கிறது. மின்வெட்டு வந்தால்கூட, சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டை அங்கே கொண்டு சேர்க்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். வைத்தியம் எந்த நோய்க்கோ அந்த நோய் அரிதாகிவிட்டது. வைத்தியம் மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி இருந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் டெல்டாவின் ஈரக்காற்றில் உள்ளும் புறமும் நீர் கோக்கும். சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் ஹெட்டுக்கு ஒரு நீர்த்துளி போதும். வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு யோசனையையும் யாராவது சொல்வார்கள்: அதே மாடல் டிஸ்க் ஒன்றை சென்னை ரிச்சி தெருவில் பிடித்து, அதன் சர்க்யூட் போர்டைக் கழற்றி இதில் மாட்டுவது. ஒரு காலத்தில் இது நடந்தது. இப்போது ஒவ்வொரு டிஸ்க்கின் ஹெட்டுக்கும் உரிய தனித்த அளவீடுகள் பெரும்பாலும் அந்தப் போர்டில் இருக்கும் சிறு சிப்பில்தான் பதிவாகியிருக்கின்றன. அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றினால் பயனில்லை. தவிர, போர்டு எரிந்த டிஸ்க் வழக்கமாகச் சத்தமே போடாது. உங்களுடையது தட்டுகிறது என்றால் சந்தேகம் ஹெட்டின் மேல்தான்.

சாஃப்ட்வேர் போடலாம் என்று சொன்ன பையனும் பொய் சொல்லவில்லை, வேறொரு நோய்க்கு மருந்து சொல்கிறான். ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது கம்ப்யூட்டர் பட்டாவில் பெயரை அடிக்கிறதே தவிர நிலத்தைத் தொடுவதில்லை. வேறு யாராவது வந்து கட்டடம் எழுப்பும்வரை நிலம் அப்படியே கிடக்கும். தவறி அழித்த கோப்பையும், அவசரத்தில் ஃபார்மட் செய்த டிஸ்க்கையும் மீட்கும் மென்பொருள்கள் இந்த நிலத்தைத்தான் தேடிப் போகின்றன. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பட்டாவையே பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் எப்படித் தொடங்கும் என்பது அதற்குத் தெரியும். ஜேபெக் படம் என்றால் தொடக்கத்தில் ‘எஃப்எஃப் டி8’ என்ற எண்கள் இருக்கும். அந்த அடையாளத்தைப் பார்த்த இடத்திலெல்லாம் படத்தைத் தோண்டி எடுக்கும். படம் கிடைக்கும், ‘தாலி கட்டியது’, ‘பந்தி’ என்று நீங்கள் வைத்த பெயர்கள் கிடைக்கமாட்டா.

இதெல்லாம் ஆரோக்கியமான டிஸ்க்குக்கு. ஹெட் பழுதான டிஸ்க்கில் மென்பொருளை ஓட்டினால் மணிக்கணக்கில் தட்டு முழுவதையும் தேடச் சொல்கிறோம் என்று பொருள். அதைவிட மோசம் விண்டோஸின் செக்டிஸ்க். டிஸ்க்கைச் சோதித்துப் பிழை திருத்தும் அந்த வசதி, கோளாறு கண்டால் சில சமயம் தானே கிளம்பிவிடும். திருத்துவதென்றால் எழுதுவது, நோயாளி டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது. ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று விண்டோஸ் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

தட்டாமல், ஆனால் மிக மெதுவாக இயங்கும் டிஸ்க்கும் உண்டு. அதில் பேட் செக்டர், அதாவது படிக்க முடியாமல் போன சிறு பகுதிகள், பெருகியிருக்கும். அங்கேதான் வீட்டிலேயே செய்யத்தக்க வேலை இருக்கிறது. கோப்பு கோப்பாகக் காப்பி எடுக்கப் போனால் ஹெட் தட்டு முழுக்க அலையும், கெட்ட இடத்தில் சிக்கி அதையே திரும்பத் திரும்பப் படித்துத் தேயும். லினக்ஸில் இயங்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் நல்ல இடங்களை முதலில் படித்துவிடும். கெட்ட இடத்தைத் தாண்டிப் போகும். எங்கே நின்றோம் என்று குறித்து வைத்துக்கொண்டு, கடைசியாகத்தான் அங்கே திரும்பி வரும். இப்படி முழு டிஸ்க்கையும் இன்னொரு பெரிய டிஸ்க்கில் அச்சாக எடுப்பதை ‘இமேஜ் எடுப்பது’ என்பார்கள். அதன்பின் எந்த மென்பொருளை ஓட்டுவதானாலும் அந்த நகலின் மேல்தான். லினக்ஸ் பழக்கமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் இதைச் செய்யட்டும். தட்டுகிற டிஸ்க்கில் மட்டும் வேண்டாம்.

முன்னெச்சரிக்கை ஏதும் இருக்காதா என்று கேட்பீர்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் ‘ஸ்மார்ட்’ என்ற ஏற்பாடு உண்டு. படிக்க முடியாத செக்டர்களின் எண்ணிக்கை அதில் ஏற ஆரம்பித்தால் டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும். ஆனால் அது வாய்திறக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதம், வெப்பநிலையை விட்டுவிட்டால், ஸ்மார்ட் வழியாக எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

புதிதாக எஸ்எஸ்டி போடச் சொல்வார்கள். சுழலும் பாகம் இல்லாத, சிப்பில் தகவல் வைக்கும் டிஸ்க் அது. வேகமானது, தாராளமாகப் போடுங்கள். ஆனால் மேலே சொன்ன பட்டா நியாயம் அங்கே பெரும்பாலும் செல்லாது. அழித்த இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும். சாகும்போதும் தட்டி எச்சரிக்காது, பெரும்பாலும் சட்டென்று மௌனமாகிவிடும். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டும் இருக்கும். அதன் 48 இலக்கத் திறவு எண் பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அது இல்லாமல் எந்த வல்லுநர் டிஸ்க்கைத் திறந்தாலும் பயனில்லை.

உங்கள் டிஸ்க்குக்கு சம்பந்தி சொன்ன வழிதான் சரி. தூசி வடிகட்டிய அறையில் அதைத் திறந்து, அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து எடுத்த ஹெட்டைப் பொருத்துவார்கள். அப்படித் தரும் டிஸ்க்கை ‘டோனர்’ என்பார்கள். மாற்று ஹெட் வெகுநேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே, எந்தக் கோப்பு முக்கியம் என்று கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: முதலில் கல்யாணப் படங்கள், அடுத்து கணக்கு. அதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். திறக்கும் அறை உங்களிடமே இருக்கிறதா, வேறு இடத்துக்கு அனுப்புகிறீர்களா? முதலில் இமேஜ் எடுப்பீர்களா? எதுவும் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? இதற்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் கொடுக்காதீர்கள். “இங்கேயே திறந்து பார்த்துடலாம்மா” என்று மேசையில் வைத்து ஸ்க்ரூடிரைவரை எடுப்பவரிடம் இருந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

செலவு புது டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு ஆகலாம். பணம் புரளும்வரை காத்திருப்பதில் தவறில்லை. அதுவரை டிஸ்க்கை ஈரம் படாத இடத்தில், பழைய துணியில் சுற்றி, மின்சாரம் கொடுக்காமல் வையுங்கள். ஓடாத டிஸ்க்கில் தட்டு உரசாது. படங்கள் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். இதற்கிடையில் கல்யாணத்துக்குப் படமெடுத்த ஸ்டுடியோவையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களிடம் இன்னொரு பிரதி இருந்தால் செலவே மிச்சம்.