பத்து மணிக்கு மேல் பெய், தாயே

சுங்கை பாக்காப், பினாங்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஈப்போவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, கோபம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கையைப் பற்றி நான் உருகி எழுதியதைப் படித்து உங்கள் அம்மா சிரித்ததாக எழுதியிருந்தீர்கள். "ஒரே அறையில பதினோரு பேரு படுத்தத ஆனந்தம்ங்கிறாரு. இவருக்குச் சோறு வடிச்சுக் கொட்டுனவங்களக் கேட்டாத் தெரியும்" என்றாராம். கோபம் ஆறிய பிறகு மறுபடி படித்தேன். அம்மா சொன்னதில் முக்கால்வாசி நியாயம். மீதிக் கால்வாசிக்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் எங்கள் வீட்டைச் சொல்கிறேன். சுங்கை பாக்காப் பட்டணத்திலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம் உள்ளே போனால் அன்று எங்கள் தோட்டம். தென் செபராங் பிறையில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் கரும்புக்காடு. பட்டணத்தை எழுப்பிய கீ லாய் ஹுவாட் என்ற சீனரும் கரும்பில் தலையெடுத்தவர்தான். வெள்ளைக்காரர்களின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிவிட்டார்கள். 1910இல் அந்த ஒப்பந்த முறை ஒழிந்தது. அதையொட்டியே கரும்பும் போய்க் கித்தா, அதாவது ரப்பர், வந்தது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. நான் பிறந்தது கித்தாக் காலத்தில்.

ஒரு அறை, ஒரு குசினி, முன்னால் அஞ்சடித் தாழ்வாரம். அப்பாவின் அம்மா அப்பாயிக்கு ஒன்பது பிள்ளைகள், தங்கியது எட்டு. பெரியப்பா, அப்பா, இரண்டு சித்தப்பா எல்லாரும் அதே லயத்தில் அடுத்தடுத்த வாசல். பேரப்பிள்ளைகள் நாங்கள் 27 பேர். உள்ளே இடமில்லாததால் வெளியே வளர்ந்தோம், அவ்வளவுதான். குளிப்பது குழாயடியில், சாப்பிடுவது அஞ்சடியில், வீட்டுப்பாடம் எழுதுவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துச் சிமெண்டில். கித்தாக் கொட்டையைச் சிமெண்டில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் சூடு வைப்பதும் அங்கேதான். சாமியும் வெளியில்தான் இருந்தது. தோட்டத்து முகப்பில் தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில். லயத்துக்குப் பின்னால் அரசமரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாக முனியாண்டி. முனியாண்டிக்குக் கூரையே கிடையாது. "அவரு காவக்காரரு, உள்ள உக்காந்தா எப்படிக் காவக் காப்பாரு?" என்பார் அப்பாயி.

அப்பாயியைப் பற்றிச் சொல்லாமல் மற்றது எதுவும் புரியாது. விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து ஒரே ஒரு வரி வேண்டுவார்: "பத்து மணிக்கு மேல பெய், தாயே." நான் பிறந்து கேட்ட முதல் பிரார்த்தனை அது. தேவாரமும் கவசமும் பிறகு பள்ளிக்கூடத்தில் வந்தவை.

அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது ரொம்பக் காலம் கழித்து. மாரி என்றாலே மழை. அப்பாயியின் அம்மா சேலத்துப் பக்கத்து வானம் பார்த்த காட்டில் பிறந்தவர்; மழை கேட்பதற்கென்றே அந்த அம்மனைக் கும்பிட்ட வம்சம். கடல் தாண்டி அதே அம்மனைக் கொண்டு வந்து வைத்தார்கள். இங்கே வேண்டியதோ மழை நிற்பது. கித்தா மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. சீவிய கோட்டில் இறங்க வேண்டிய பால் ஈரப்பட்டையில் கண்டபடி வழிந்துவிடும். பால் பிடிக்கும் மங்கில் விழுந்ததையும் மழைத்தண்ணீர் கெடுத்துவிடும். குளிர்ந்த விடியற்காலையில்தான் பால் நன்றாக இறங்கும். சுமத்ராவிலிருந்து கிளம்பி மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் காற்றுமழையும் சரியாக அந்த விடியற்காலையில்தான் அடிக்கும். ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை இதே கதை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. மழை வேண்டாம் என்று மழையிடமே எப்படிக் கேட்பது? அப்பாயி வேண்டாம் என்று சொல்லவே மாட்டார். நேரத்தை மட்டும் பேரம் பேசுவார். பத்து மணிக்கு மேல் பெய்தால் செடிகொடிக்கும் ஆச்சு, வெட்டும் முடிந்து பாலும் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஏழெட்டு வயதில் நானும் வேண்டிக்கொண்டிருக்கிறேன், அப்பாயிக்குத் தெரியாமல், விடிவதற்கு முன்பே மழை கொட்ட வேண்டும் என்று. மழை பெய்த காலையில் அப்பா வீட்டில் இருப்பார். அஞ்சடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து உளி தீட்டுவார். அம்மா மரவள்ளிக்கிழங்கு அவிப்பார். ஓலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நாங்கள் 27 பேரும் கானில் ஓடும் தண்ணீரில் கப்பல் விடுவோம். எங்களுக்குத் திருவிழாவாக இருந்த காலை பெரியவர்களுக்குக் கூலி போன காலை. ஒரே வாசலிலிருந்து இரண்டு வேண்டுதல் போனால் அம்மன் என்னதான் செய்வாள்? உங்கள் அம்மா சிரித்தது இதற்குத்தான் என்றால், நானும் கூடச் சிரிக்கிறேன்.

அடுத்தது ஆடிக்கூழ். தோட்டத்தில் வெள்ளிக்கிழமைக்கு விடுமுறை ஏது? அதனால் கூழ் ஊற்றுவது ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவார்கள். விடியற்காலையில் மரத்தடியில் மூன்று கல் வைத்து அண்டா ஏறும். கித்தா விறகின் புகை கண்ணைக் கரிக்கும். எல்லாருக்கும் ஒரு வேலை உண்டு, அதுதான் விசேஷம். வேப்பிலை ஒடிக்கப் பெரிய பையன்கள், வெங்காயம் உரிக்க அக்காமார்கள், நெத்திலி ஆய சின்னம்மாக்கள். நான்கு வயதுத் தம்பிக்கும் வேலை உண்டு, தீப்பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பது. நாள் முழுக்க அதைச் சட்டைப் பைக்குள் பிடித்தபடியே திரிவான். "தீப்பெட்டி எங்கடா?" என்று பெரியப்பா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார், வேண்டுமென்றே. அவனுக்கு இப்போது 50 வயதுக்கு மேல். பூசையன்று தீப்பெட்டி அவன் பையில்தான் இருக்கும்.

பூசை முடிந்தால் பெரியவர்களில் பாதிப் பேர் கள்ளுக்கடைக்குப் போய்விடுவார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். அம்மா அத்தனை பேருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியில் அண்டாவை வழித்துக் குடிப்பார், நின்றுகொண்டே. அந்த நாட்களில் அவர் உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. பெரிய குடும்பத்தின் சுகத்தில் பெரும்பங்கு பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும், சுமையில் பெரும்பங்கு பெண்களுக்கு. இது உங்கள் அம்மாவின் முக்கால்வாசியில் சேர்த்தி.

பெரிய குடும்பம் என்றேனே, அதில் இரத்த உறவு எவ்வளவு என்று பிரித்தால் கணக்கு உதைக்கும். முதலில் வந்தவர்கள் தனியாளாகவும் வந்தார்கள், புருஷன் பெண்டாட்டியாகவும் வந்தார்கள். அண்ணன் தம்பியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் குறைவு. அதனால் பக்கத்து வாசல்காரர் மாமா ஆனார், எதிர் லயத்துக் கிழவி பெரியாத்தா ஆனாள். 1960களின் கடைசியில் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று சட்டம் வந்ததும் பல்லாயிரம் பேர் ஊருக்குத் திரும்பினார்கள். என் தாத்தாவின் தம்பியும் 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்துக்குப் போனார். அவர் விட்டுப்போன சேவலையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டவர் அந்த மாமாதான், எங்கள் சாதியும் இல்லை, ஊரும் இல்லை.

இன்னொரு வாசலில் வேதக்கார அத்தை. ஜூலையில் புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருநாள் வரும். 1846இல் சிறு வழிபாட்டு இடமாகத் தொடங்கிய கோயில் அது. திருநாள் 26ஆம் தேதி, அதற்கு முன் ஒன்பது நாள் நவநாள். அத்தை எங்களில் பத்துப் பேரையாவது கூட்டிக்கொண்டு போவார். ராத்திரியில் ஆயிரக்கணக்கானவர்கள் மெழுகுவத்தி பிடித்து வெட்டவெளியில் நடக்கும் பவனியில் திருநீறு பூசிய எங்கள் நெற்றிகளும் நடந்தன. மெழுகு உருகிக் கையில் சொட்டும். சொட்டினாலும் கையை உதறக்கூடாது என்று அத்தை சொல்லியிருந்தார், நாங்களும் உதறவில்லை. ஆடிக்கூழுக்கு அத்தை வீட்டிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் வரும்.

தைப்பூசம் தனி. பினாங்குப் பாலம் 1985இல்தான் திறந்தது. அதுவரை லாரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து பெரி ஏறி ஜார்ஜ்டவுன். எங்கள் அப்பா ஒரு தந்திரம் செய்வார். ஒரே கட்டுத் துணி வாங்கி 27 பேருக்கும் ஒரே மாதிரி சட்டையும் கவுனும் தைக்கக் கொடுப்பார். கூட்டத்தில் ஒன்று தொலைந்தால் இன்னொன்றைத் தூக்கிக் காட்டி, "இந்தத் துணியில ஒரு பிள்ளயப் பாத்தீங்களா?" என்று கேட்கலாம் அல்லவா? முதல்நாள் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குக் கிளம்பும். வழியெல்லாம் தேங்காய் மலைமலையாய்க் குவிந்திருக்கும், உடைப்பவர்களில் சீனர்களும் ஏராளம். இளநீர் பாதத்தில் ஓட, வெறுங்காலோடு அதில் வழுக்கி வழுக்கி நடந்த சந்தோஷத்தைப் பிறகு எந்தக் கோயிலின் பளிங்குத் தரையிலும் நான் காணவில்லை. தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் மோர். ஒரு வருஷம் சித்தப்பா மகன் பதினாலு டம்ளர் குடித்துவிட்டுப் பெரியில் பட்ட அவஸ்தை குடும்ப வரலாற்றில் நிலைத்துவிட்டது.

இப்போது தோட்டம் இல்லை. இரண்டாவது பாலம் 2014இல் பத்து காவானில் வந்து இறங்கியது. தொழிற்சாலைகள் வந்தன, குடியிருப்புத் தாமான்கள் வந்தன, மரச்சாமான் விற்கும் ஐக்கியாவும் வந்துவிட்டது. லயம் இடிந்தது. மாரியம்மன் கோயில் இடம் மாறியது. எப்படி மாறியது என்பதற்குத் தனிக் கடிதம் வேண்டும், இந்தக் கடிதத்தை அது கசப்பாக்கிவிடும். அரசமரம் மட்டும் சாலையோரத்தில் தப்பி நிற்கிறது. 27 பேரில் 22 பேர் இருக்கிறோம். கூலிம், சுபாங், சிங்கப்பூர், ஒருவன் பெர்த். ஆடியில் ஒரு ஞாயிறு மரத்தடியில் கூடுகிறோம். போன வருஷம் குழந்தைகளையும் சேர்த்து 83 தலை எண்ணினேன். இப்போது ஆண்கள்தான் கூழ் காய்ச்சுகிறார்கள். அம்மாவுக்கு 86 வயது, மரத்தடியில் நாற்காலி போட்டு முதல் கிண்ணம் அவருக்கு. முதல் வருஷம் வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். "எல்லாரும் குடிச்சாச்சா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்.

ஒன்பதாவது மாடியில் வளரும் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்குச் சாமியை எப்படிக் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். நான் குருக்களும் இல்லை, பிள்ளை வளர்ப்பு நிபுணனும் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பொங்கலை ரைஸ் குக்கரில் வைக்காதீர்கள். அடுக்குமாடி நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுக் கீழே கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் மூன்று கல் வையுங்கள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவும் எட்டிப் பார்ப்பார், அவருக்கும் ஒரு கிண்ணம் போகட்டும். சின்னவனிடம் தீப்பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். புகை, வெயில், எறும்பு எல்லாம் இருக்கும். அவன் பத்து நிமிடத்தில் போன் கேட்கவும் செய்வான். கேட்கட்டும். தீப்பெட்டி எங்கே என்று நீங்கள் கேளுங்கள்.

உங்கள் அம்மாவை ஒருமுறை அழைத்து வாருங்கள். வரும் ஆடி மூன்றாம் ஞாயிறு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜாவி டோலில் இறங்கிப் போன் செய்தால் தம்பி மோட்டாரில் வந்து வழிகாட்டுவான். பாய் ஒன்று, குடை இரண்டு, பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி எடுத்து வாருங்கள், கிண்ணம் எங்களிடம் இருக்கிறது. அம்மாவுக்கு நாற்காலி, என் அம்மாவுக்குப் பக்கத்தில். அவர்கள் இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும். காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் எங்கள் பக்கம் மழை வந்தாலும் வரும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்