மூட்டுத் தேய்வு: முதுமை மட்டுமா காரணம்?

ஆலயப் படியேறும்போது முழங்கால் வலிக்கிறதென்று கூறும் அன்பர்கள் பலர். மலேசிய ஆய்வொன்றில் பெரியவர்களுள் 9.3 விழுக்காட்டினர் முழங்கால் வலி உண்டென்றனர். 65 வயதைக் கடந்தோரிடையே இது 39 விழுக்காடு. இவ்வயதில் வலிக்குப் பெரும்பாலும் காரணம், எலும்பு முனைகளைக் காக்கும் குருத்தெலும்பு நலியும் மூட்டுத் தேய்வே.

முதுமை ஒரு காரணந்தான். உடற்பருமன், பழைய காயம், பரம்பரை, ஆண்டுக்கணக்கில் குந்தியும் பாரம் சுமந்தும் செய்த வேலை ஆகியவையும் காரணங்களாம். ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவி, வாளி சுமந்த நம் மூத்தோரை எண்ணிப் பாருங்கள்.

உடல் எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. வலிக்கு அஞ்சி நடையை நிறுத்தினாலோ தொடைத்தசை தளர்ந்து மூட்டு மேலும் வருந்தும். மருத்துவரைக் கண்டு, அளவோடு நடப்போம். தரையில் அமர இயலாதோர் நாற்காலியில் அமர்ந்து வழிபடலாம். பக்திக்கு அதனால் குறைவில்லை.