வளைகுடாவில் வேலையா? ஜெபம் விட்டுப்போகாமலிருக்க...

வேலை முடிந்து அறைக்குத் திரும்பும்போது வீட்டு நினைப்பு நெஞ்சை அடைக்கும். முழங்கால் போட இடமில்லாத அறையில் நாலைந்து பேரோடு தங்கியிருந்தாலும் இவற்றைச் செய்யலாம்.

1. கம்பெனி பஸ்ஸிலேயே கண்மூடி ஜெபியுங்கள். படுக்கப் போகும்போது பார்க்கலாம் என்றால் தூக்கம் முந்திக்கொள்ளும்.

2. வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும் நேரத்தில் போனில் சேர்ந்துகொள்ளுங்கள். நம்மூரில் இரவு 8 மணி என்றால் துபாயில் 6.30, குவைத், தோஹாவில் 5.30. ஷிப்ட் ஒத்துவராத நாளில் அம்மாவின் ஜெபத்தை வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி வேண்டும் அந்தக் குரல் தரும் தெம்பு வேறெதிலும் வராது.

3. ஆராதனை எந்த நாளில் என்று விசாரியுங்கள்; வார விடுமுறை நாட்டுக்கு நாடு மாறும். குவைத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. துபாய் ஊத் மேத்தா புனித மரியன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலியும் உண்டு.

4. சவூதியில் தனியாக, அமைதியாக ஜெபியுங்கள். அங்கே தேவாலயம் கிடையாது. வெளிப்படையாகக் கூடி ஜெபிக்க அனுமதியும் இல்லை.

5. சங்கீதம் 121-ஐ மனப்பாடம் செய்யுங்கள். எட்டே வசனம், போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கூட வரும்.

6. சம்பளம் நிலுவையா, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்களா? ஜெபியுங்கள், அன்றே இந்தியத் தூதரகத்தையும் அணுகுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் ஊரிலிருக்கும் குடும்பத்தினரும் புகார் பதியலாம்.