இயலாமைப் பென்ஷன்: மனுவும் வக்கீலும்



மலேசியாவில் கடை வைத்திருக்கும் நாம் சிப்பந்திகளுக்காக மாதாமாதம் சொக்சோ சந்தா கட்டி வருகிறோம். எதற்கு என்று கேட்டால் 'விபத்துக்கு' என்போம். அது பாதிதான் சரி. தீராத நோயால் உழைக்க இயலாமற் போனவருக்கும், 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் மாதப் பென்ஷன் உண்டு.

எங்கள் கடையில் தராசில் நின்ற நானா ஒருவருக்கு 54 வயதில், நீரிழிவால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாங்கள் மனுப் போட்டோம். டாக்டர் குழு பரிசோதித்தது. மனு தள்ளப்பட்டது. "விடுங்கள் தம்பி, நமக்கு எழுதவில்லை" என்றார் நானா. எனக்கு மனம் கேட்கவில்லை. காகிதங்களோடு ஒரு வக்கீலிடம் போனேன்.

அவர் ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படித்தார். 'கால் எடுக்கப்பட்டது, புண் ஆறிவிட்டது' என்று மட்டும் இருந்தது. அடுத்து நான் கொடுத்த கடிதம். 'இவர் நேர்மையானவர், இன்றும் கடைக்கு வந்து ஒத்தாசை செய்கிறார்' என்று பிரியத்தால் எழுதியிருந்தேன். வக்கீல் சிரித்துவிட்டு, "பாய், இதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? இவர் இன்னும் வேலை செய்கிறார் என்றல்லவா நினைப்பார்?" என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை.

அவரிடம் நான் கற்ற பாடம் இதுதான்: சட்டம் நோயின் பெயரை மட்டும் கேட்பதில்லை. அந்நோய் நிலையானதா, அதனால் இம்மனிதர் ஒரு திடகாத்திரமான தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கையாவது இனிச் சம்பாதிக்க முடியுமா என்று கேட்கிறது. மனுவிலுள்ள ஒவ்வொரு காகிதமும் இதற்கே விடை சொல்ல வேண்டும்.

ஆகவே உள்ளதை உள்ளபடி, ஆனால் முழுவதுமாக எழுதினேன். நாளுக்குப் பத்து மணி நேரம் நின்ற வேலை. வெங்காய மூட்டை தூக்கியது. இப்போது வருவது இரண்டு மணி நேரம், அதுவும் சம்பளமில்லாமல், வீட்டில் தனியே இருக்க மனமின்றி. பார்வை மங்கியதைக் கண் டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேல்முறையீட்டில் பென்ஷன் கிடைத்தது.

மனத்தில் வைக்க வேண்டியவை:

1. முழுப் பென்ஷனுக்குரிய ஒரு வழி, மனுவுக்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதமாவது சந்தா கட்டியிருப்பது. தொகை, கணக்கிடப்படும் சராசரிச் சம்பளத்தில் நூற்றுக்கு 50 முதல் 65 வரை. 60 வயது நிறையுமுன் மனுச் செய்வது நல்லது.

2. முதல் மனுவுக்கு வக்கீல் அவசியமில்லை. சொக்சோ அலுவலகத்தில் நாமே கொடுக்கலாம். 'வாங்கித் தருகிறேன், பங்கு கொடு' என்று வருபவரிடம் போகாதீர்கள்.

3. தள்ளப்பட்டால் சோர்ந்துவிடாதீர்கள். டாக்டர் குழுவுக்கு மேலே மேல்முறையீட்டு டாக்டர் குழு உண்டு. அதற்கு மேலே சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் உண்டு. கெடு 90 நாள். கடிதம் வந்த அன்றே தேதியைக் குறித்து, வக்கீலைப் பாருங்கள். வாரியத்தின் முன் அவர் நமக்காக வாதாடலாம். கூலியை முன்னதாகவே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வசதியில்லாதவர் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையத்தில் விசாரிக்கலாம்.

4. முதலாளிகளான நமக்கு? சுயதொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலால் வரும் விபத்துக்கும் நோய்க்குமே உதவும். சாதாரண நோய்க்கு இந்தப் பென்ஷன் நமக்கில்லை. அதற்கு நாமேதான் சேமிக்க வேண்டும்.

எவ்வளவு கெட்டிக்கார வக்கீலானாலும், கட்டாத சந்தாவைக் கட்டியதாகக் காட்ட முடியாது. 'நம்ம பையன்தானே' என்று பெயர் பதியாமல் விட்டவரின் சிப்பந்தி, நாளை கட்டிலில் கிடக்கையில் யாரிடம் போவார்? ஒருவர் வேலைக்கு இருந்தாலும் பதிவு கடமை. இன்றிரவு கடை அடைத்ததும் சந்தா ரசீதுகளை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். விட்டுப்போன பெயர் இருந்தால் நாளைக் காலையே பதியுங்கள்.